ஊர் பேர் தெரியாத பழைய வால்வு மைக்கை அடையாளம் காண்பது எப்படி?

பெயர்ப்பட்டை இல்லாத ஒரு பழைய வால்வு மைக் (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாயான வால்வு வைத்த மைக்) உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி இல்லை, கையேடு இல்லை. பவர் சப்ளை கூடவே வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். விற்றவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இந்த நிலையில் எல்லோரும் முதலில் கேட்பது "இது எந்தக் கம்பெனி?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உள்ளே எந்த வால்வு இருக்கிறது, அதற்கு எத்தனை வோல்ட் வேண்டும், கேப்சூல் (ஒலியை மின்சைகையாக மாற்றும் பாகம்) எந்த வகை, கனெக்டரின் எந்தப் பின் உள்ளே எங்கே போகிறது என்ற நான்கையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இவை தெரிந்தால் பெயர் தெரியாமலேயே மைக்கைப் பத்திரமாக வேலை செய்ய வைக்கலாம். பெயர் மட்டும் தெரிந்து இவை தெரியாவிட்டால், ஸ்விட்ச் போட்ட சில நொடிகளில் வால்வு எரிந்துவிடலாம். பெரும்பாலும் இந்த நான்குக்கும் விடை கிடைக்கும்போது பெயரும் கூடவே வந்துவிடும்.

எனவே முதல் விதி: மின்சாரம் கொடுக்காதீர்கள். "வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுகிறேன்" என்ற ஆசையை இப்போதைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். கனெக்டர் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் இருக்கும் வேறு வால்வு மைக்கின் சப்ளையைச் செருகவே கூடாது. 7 பின் எக்ஸ்எல்ஆர் கனெக்டர் பல மைக்குகளில் ஒன்றுபோல இருக்கும். ஆனால் எந்தப் பின்னில் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) மின்சாரம் வரும், எதில் உயர் வோல்ட்டேஜ் வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு மைக்கில் ஒலி வெளியே வரும் பின்னில் இன்னொரு மைக்கின் சப்ளை 200 வோல்ட் அனுப்பலாம்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நல்ல டார்ச், பூதக்கண்ணாடி, சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர்கள், படம் எடுக்க ஒரு போன், ஒரு நோட்டு. கூடவே 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இரு முனையிலும் காப்பிட்ட கிளிப் வைத்தது. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

உண்மையிலேயே வால்வு மைக்தானா?

உருவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே உடலில் டிரான்சிஸ்டர் வைத்தும் வால்வு வைத்தும் மைக் செய்கிறார்கள். கனெக்டரைப் பாருங்கள். 6, 7 அல்லது அதற்கு மேல் பின்கள் இருந்தால் பெரும்பாலும் வால்வு மைக். ஹீட்டருக்கும் உயர் வோல்ட்டேஜுக்கும் ஒலிக்கும் தனித்தனி வழி வேண்டும் என்பதால்தான் இத்தனை பின்கள். 5 பின் என்றால் இரட்டை கேப்சூல் வைத்த ஸ்டீரியோ மைக்காகவும் இருக்கலாம். வெறும் 3 பின் எக்ஸ்எல்ஆர் என்றால் அது அநேகமாக டிரான்சிஸ்டர் மைக். ஆனால் இதற்கும் விதிவிலக்கு உண்டு. ஆடியோ டெக்னிகாவின் ஏடி3060 வால்வு மைக்தான், ஆனாலும் 48 வோல்ட் ஃபான்டம் பவரிலேயே, அதாவது மிக்ஸரிலிருந்து மைக் கேபிள் வழியாக வரும் மின்சாரத்திலேயே ஓடும். சந்தேகம் இருந்தால் திறந்து பார்ப்பதுதான் வழி.

திறப்பதற்கு முன் வெளிப்புறத்தை நான்கு பக்கமும் படம் எடுங்கள். கீழ்ப்பக்க வளையத்தில், கனெக்டரைச் சுற்றி, உடலின் உட்பக்க விளிம்பில் எண்கள் பொறித்திருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பெயர்ப்பட்டை பிடுங்கப்பட்டிருந்தால் ஓட்டையோ பசைத் தடமோ அதன் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும். உடலின் நீளத்தையும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்திடம் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

திறப்பது

பவர் சப்ளையோடு சற்று முன்பு வரை யாராவது இயக்கிக்கொண்டிருந்தால், கேபிளைக் கழற்றி அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். மைக்கின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் 100 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். திறந்த பிறகு, பெரிய கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் நடுவே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். வோல்ட்டேஜ் இருந்தால் அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிளிப்பால் மாட்டி சில நொடிகள் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் வழக்கம் வேண்டாம்.

பல மைக்குகளில் அடியில் இருக்கும் வளையத்தை இடப்பக்கமாகச் சுழற்றினால் வெளிக்குழாய் கீழ்நோக்கி உருவிக்கொண்டு வரும். சிலவற்றில் பக்கவாட்டில் இரண்டு சிறு திருகாணிகள். இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாதீர்கள், இன்னொரு திருகாணி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள்.

உள்ளே இரண்டு இடங்களில் கை படக் கூடாது. ஒன்று கேப்சூல். மற்றொன்று, கேப்சூலிலிருந்து வரும் கம்பி, சைகை வால்வுக்குள் நுழையும் முனையான கிரிட்டைச் சேரும் இடம். அங்கே இருக்கும் ரெசிஸ்டர்கள் பல பத்து மெகா ஓம் முதல் 1 கிகா ஓம் வரை போகும். விரலின் எண்ணெயும் ஈரமும் பட்டால் அந்த மெல்லிய படலமே ஒரு கசிவுப் பாதையாகிவிடும். அப்புறம் மைக் ஓயாமல் படபடவென்று பொரியும். நல்ல மைக்குகளில் இந்தச் சந்திப்பைப் பலகையில் படாமல் அந்தரத்திலோ டெஃப்லான் தூணின் மேலோ வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், செய்தவரின் அக்கறைக்கு அது ஒரு நல்ல அடையாளம்.

வால்வைப் படிப்பது

எனக்குத் தெரிந்தவரை மைக்கின் மற்ற எந்தப் பாகமும் வால்வு சொல்கிற அளவுக்குச் சொல்லாது. முதலில் வடிவம். 9 பின் உள்ள கண்ணாடி வால்வு என்றால் 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 6072, இஎஃப்86, 6922 போன்றவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 7 பின் உள்ள சிறிய கண்ணாடி வால்வு என்றால் 6ஏயூ6, இசி92, 6ஏகே5 அல்லது அதற்கு இணையான சீன 6ஜே1. சாக்கெட்டே இல்லாமல், கம்பிகள் நேராகப் பலகையில் சாலிடர் செய்யப்பட்ட, சுண்டுவிரல் நுனி அளவு வால்வு என்றால் மிகச்சிறு வகை. பழைய ஜெர்மானிய மைக்குகளில் வரும் ஏசி701 இந்தக் கூட்டம்தான். சிறிய உலோகத் தொப்பி போல இருந்தால் நுவிஸ்டர். ஆஸ்திரிய நிறுவனமான ஏகேஜியின் சி12ஏ மைக்கில் 7586 என்ற நுவிஸ்டர் இருக்கும். கைக்கு அடக்கமான கனத்த இரும்பு உறை போட்ட வால்வு என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்தைப் படியுங்கள். அது விஎஃப்14 ஆக இருந்தால் நீங்கள் வைத்திருப்பது ஜெர்மன் நிறுவனமான நாய்மனின் யூ47 அல்லது யூ48.

கண்ணாடியின் மேல் உள்ள எழுத்தைத் துடைக்காதீர்கள். பல வால்வுகளில் அந்த மை விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். மங்கியிருந்தால் மெதுவாக வாயால் ஊதி ஆவி படரவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்; மறைந்த எழுத்து சில நொடிகள் தெரியும். எழுத்து அறவே இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் பாருங்கள். பக்கத்தில் பக்கமாக இரண்டு தனித்தனி பிளேட்கள் (உயர் வோல்ட்டேஜ் சேரும் தகடுகள்) இருந்தால் இரட்டை டிரையோடு, அதாவது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மூன்று-மின்முனை வால்வுகள். நடுவில் உள்ளதை எல்லாம் ஒரு வலையோ தகடோ சுற்றி மறைத்திருந்தால் இஎஃப்86 மாதிரியான பென்டோடாக (ஐந்து மின்முனை வால்வாக) இருக்கலாம்.

ஐரோப்பியப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது ரொம்பவும் பயனுள்ளது. முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும்: இ என்றால் 6.3 வோல்ட், ஏ என்றால் 4 வோல்ட். யூ என்றால் 100 மில்லி ஆம்பியர், வி என்றால் 50 மில்லி ஆம்பியர். இந்த இரண்டிலும் வோல்ட்டேஜ் வால்வுக்கு வால்வு மாறும். அடுத்த எழுத்து வகையைச் சொல்லும்: சி டிரையோடு, எஃப் பென்டோடு, சிசி என்று இரண்டு வந்தால் இரட்டை டிரையோடு. ஆக, இஎஃப்86 என்ற பெயரைப் பார்த்தவுடனேயே 6.3 வோல்ட் ஹீட்டர் உள்ள பென்டோடு என்று தெரிந்துவிடும். ஏசி701 என்றால் 4 வோல்ட் டிரையோடு, அதற்கு 6.3 வோல்ட் கொடுத்தால் கதை முடிந்தது. அமெரிக்கப் பெயர்களில் முதல் எண்ணே ஏறக்குறைய ஹீட்டர் வோல்ட்: 6ஏயூ6 க்கு 6.3, 12ஏஎக்ஸ்7 க்கு 12.6. ஆனால் 12ஏஎக்ஸ்7 இன் ஹீட்டருக்கு நடு முனை உண்டு. பின் 4, 5 இரண்டையும் சேர்த்து, 9 ஐ மறுமுனையாக வைத்தால் 6.3 வோல்ட்டிலும் ஓடும். உங்கள் மைக்கில் எப்படி வயர் செய்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். 6072, 5654 போன்ற நான்கு இலக்கத் தொழில்துறை எண்களில் இந்தக் குறிப்பு எதுவும் இருக்காது. 6072 என்பது 12ஏஒய்7 இன் இரைச்சல் குறைந்த வடிவம், ஹீட்டர் அமைப்பும் அதே மாதிரிதான்.

அமெரிக்க வால்வுகளில் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்று இலக்கக் குறியீடு பல நேரம் இருக்கும்: 188 ஜெனரல் எலெக்ட்ரிக், 274 ஆர்சிஏ, 312 சில்வேனியா, 280 ரேதியான். டெலிஃபுங்கன் வால்வுகள் பலவற்றில் அடிக்கண்ணாடியில், பின்களுக்கு நடுவே ஒரு சாய்சதுரம் அச்சாகியிருக்கும். இதெல்லாம் வால்வு எங்கே பிறந்தது என்பதை மட்டுமே சொல்லும், மைக் எங்கே பிறந்தது என்பதை அல்ல. வால்வு மாற்றக்கூடிய பொருள். மலிவான மைக்கில் யாரோ ஆசைப்பட்டு அமெரிக்க வால்வு போட்டிருக்கலாம். அதைவிட சாக்கெட்டும் அதன் வயரிங்கும்தான் நம்பத்தகுந்த சாட்சி.

கேப்சூலைத் தொடாமல் பார்ப்பது

வலைக்குள் டார்ச் அடித்தாலே பாதி தெரிந்துவிடும். தங்க நிற வட்டத்தின் நடுவில் ஒரு சிறு திருகாணியும் அதிலிருந்து ஒரு கம்பியும் தெரிந்தால் அது நடுமுனை கேப்சூல், நாய்மன் வழி வந்தது. நடுவில் ஒன்றும் இல்லாமல், கம்பி விளிம்பிலிருந்து புறப்பட்டால் விளிம்புமுனை கேப்சூல், ஏகேஜியின் சிகே12 வழி.

நடுமுனையிலேயே மூன்று தலைமுறை உண்டு. எம்7 இல் டயாஃப்ரம் (ஒலிக்கு அதிரும் மெல்லிய படலம்) பிவிசி, ஒட்டி வைத்தது. வயதாக ஆக பிவிசி காய்ந்து இறுகி, விரிசலும் விடும். கே47 இல் மைலார் டயாஃப்ரம், சுற்றிலும் திருகாணிகளால் பிடித்திருக்கும். முன்னும் பின்னும் உள்ள டயாஃப்ரம்களுக்குப் பொதுவாக ஒரே பின்தகடு. கே67 இல் இரண்டு தனிப் பின்தகடுகள் முதுகோடு முதுகாகச் சேர்க்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் நடுவே பிரிவுக்கோடு தெரியும். இன்றைய மலிவு மைக்குகளில் பெரும்பாலானவை கே67 அமைப்பின் நகல்தான்.

இந்த வேறுபாடு ஒலியையும் விளக்கிவிடும். கே67 இயல்பாகவே உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். அசல் யூ67 இல் அதை அடக்கி சமன்செய்ய மின்சுற்றிலேயே ஏற்பாடு இருக்கிறது. நகல் மைக்குகள் பலவற்றில் கேப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். "ஸ" ஓசை காதைக் கிழிக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பழைய மைக் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றில் கே67 நகலும், சமன் ஏற்பாடு இல்லாத எளிய சுற்றும் சேர்ந்திருந்தால் அது அண்மைக்காலத் தயாரிப்பு என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேப்சூல் அழுக்காக இருந்தாலும் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள். டயாஃப்ரத்தின் கனம் சில மைக்ரான் மட்டுமே. தங்கப் பூச்சு அதைவிடப் பல மடங்கு மெல்லியது. கேப்சூல் சுத்தம் செய்வது கைப்பழக்கம் உள்ளவர் வேலை.

வயதைக் கணிப்பது

மின்சுற்றுப் பலகை பச்சைப் பூச்சோடும் வெள்ளை அச்செழுத்தோடும் இருந்து, நீலநிற மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் வரிசையாக நின்றால் மைக்குக்கு வயது அதிகமில்லை. பலகையில் மணல் துகள் போலச் சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டியிருந்தால் நிச்சயம் புதுசு. முனைத்தூண்கள் மேல் கையால் வயர் செய்து, பழுப்பு நிறக் கார்பன் ரெசிஸ்டர்களும் துணி அல்லது மெழுகு சுற்றிய கம்பிகளும் இருந்தால் 1950கள், 60கள் பக்கம் யோசிக்கலாம்.

கெப்பாசிட்டர்களில் நான்கு இலக்க எண் தேடுங்கள். 8942 என்பது பல நேரம் 1989 ஆம் ஆண்டின் 42 ஆவது வாரம். எல்லாப் பாகங்களிலும் பிந்திய தேதி எதுவோ, அதற்கு முன் இந்த மைக் இந்த நிலையில் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு பாகம் மட்டும் புதிதாக இருந்தால் அது பழுது பார்த்ததன் தடயம். அதன் சாலிடர் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நாட்டின் பெயரும் உதவும். "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1949 க்கும் 1990 க்கும் இடைப்பட்டது. ஐந்து பக்கச் சோவியத் தரமுத்திரை இருந்தால் 1967 க்கு முன்னால் போகாது. சிஇ முத்திரை இருந்தால் 1990களுக்கு முன் போகவே வாய்ப்பில்லை. பவர் சப்ளை கூட வந்திருந்தால் இந்த முத்திரைகள் பெரும்பாலும் அதன் முதுகில்தான் இருக்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மரில் எண் இருந்தால் அது பெரிய வரம். நாய்மன் ட்ரான்ஸ்ஃபார்மர்களில் பிவி என்ற எழுத்தோடு எண் வரும்: பிவி8 யூ47 க்கு உரியது, பிவி12 யூ67 க்கு. ஏகேஜி சி12 இல் டி14. மேல் உறை வெறுமையாக இருந்தால் அளவையும் கம்பிகளின் நிறத்தையும் குறித்துக்கொண்டு நகருங்கள்.

பின் வரைபடம் போடுவது

இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. நோட்டில் கனெக்டரின் வட்டத்தை வரைந்து பின்களுக்கு எண் கொடுங்கள். எண்கள் கனெக்டரிலேயே பூதக்கண்ணாடியில் தெரியும் அளவில் அச்சாகியிருக்கும். ஆண் பக்கமும் பெண் பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல இடம் மாறும், குழம்பிவிடாதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். வால்வு சாக்கெட்டின் பின்களைக் கீழேயிருந்து பார்த்து, இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும்.

முதலில் உடல் உலோகத்தோடு எந்தப் பின் தொடர்பில் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் கிரவுண்ட். ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம்.

அடுத்து ஹீட்டர். வால்வு சாக்கெட்டிலிருந்து பின்னோக்கிப் போவதே எளிது. 12ஏஎக்ஸ்7, 6072 வகைக்கு ஹீட்டர் 4, 5, 9. இஎஃப்86 க்கும் 6922 க்கும் 4, 5. 6ஏயூ6, இசி92, 6ஏகே5 மூன்றுக்கும் 3, 4. அந்த முனைகள் கனெக்டரின் எந்தப் பின்னில் முடிகின்றன என்று மீட்டரின் ஒலிச்சோதனையால் (தொடர்பு இருந்தால் மீட்டர் ஒலிக்கும்) கண்டுபிடியுங்கள். குளிர்ந்த ஹீட்டரின் தடை வெறும் சில ஓம்கள் மட்டுமே இருக்கும். 6.3 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் ஹீட்டர் சூடானபின் 21 ஓம் ஆகும், ஆனால் குளிரில் அதில் சிறு பங்குதான். எனவே குறைவான அளவைப் பார்த்து ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். மீட்டர் முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்திருக்கிறது, வால்வு போய்விட்டது.

ஒலி வெளியே வரும் இரண்டு பின்கள் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகள். அவற்றுக்கு நடுவே பெரும்பாலும் சில பத்து ஓம் இருக்கும், இரண்டுக்கும் உடலோடு தொடர்பு இருக்காது. ஹீட்டரோடு குழப்பாமல் இருக்க இந்த இரண்டாவது அடையாளம்தான் உதவும். ட்ரான்ஸ்ஃபார்மரை ஓம் மீட்டரால் அதிக நேரம் அளக்காதீர்கள்; மீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டம் அந்த மெல்லிய நிக்கல் கோரில் காந்தத்தைத் தங்கவைத்துவிடலாம். பார்த்தோமா, எடுத்தோமா என்று இருக்க வேண்டும்.

உயர் வோல்ட்டேஜ் பின், ஒரு வடிகட்டிக் கெப்பாசிட்டரையும் 100 கிலோ ஓம் போன்ற ஒரு பெரிய ரெசிஸ்டரையும் தாண்டி வால்வின் பிளேட்டுக்குப் போகும். கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். 250 என்று இருந்தால் சப்ளை அதற்குக் கீழேதான். 160 என்று இருந்தால் 120 வோல்ட் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் மிச்சம் ஒரு பின் இருந்து, அது மிகப் பெரிய ரெசிஸ்டர் வழியாக பின்பக்க டயாஃப்ரத்துக்குப் போனால், திசைவடிவத்தை (எந்தெந்தப் பக்கத்து ஒலியைப் பிடிப்பது என்பதை) தூரத்திலிருந்து மாற்றும் வசதி உள்ள மைக் அது. சப்ளையில் அதற்கான ஸ்விட்ச் இருந்தாக வேண்டும்.

தனி ஹீட்டர் வழியே இல்லாமல் இருந்தால்? யூ47 அப்படித்தான். விஎஃப்14 இன் ஹீட்டர் 55 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அதை 36 வோல்ட் அளவில் மட்டும் ஓட்டினார்கள். ஒரே 105 வோல்ட் சப்ளையிலிருந்து, மைக்கின் உள்ளேயே உள்ள தடித்த கம்பிச்சுற்று ரெசிஸ்டர் வழியாக ஹீட்டருக்கும் போகும், பிளேட்டுக்கும் போகும். அப்படி ஒரு ரெசிஸ்டரைக் கண்டால் அதன் பொருள் என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

குடும்பத்தைத் தீர்மானிப்பது

இப்போது குறிப்புகளைச் சேர்த்து வையுங்கள். எந்த ஒரு அடையாளத்தையும் தனியாக நம்ப வேண்டாம். வால்வு, கேப்சூல், ட்ரான்ஸ்ஃபார்மர், சப்ளை வோல்ட் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

இஎஃப்86, கே67, பிவி12, 210 வோல்ட், கீழே குறுகும் உடல்: நாய்மன் யூ67, 1960 இல் வந்தது. நிறுவனமே இதை 2018 இல் மறுபடி வெளியிட்டது, ஆகவே பெயர் ஒன்று என்பதால் வயது ஒன்று ஆகிவிடாது. 6072, சிகே12, 120 வோல்ட், ஒன்பது நிலை ஸ்விட்ச் தனிப்பெட்டியில்: ஏகேஜி சி12, 1953. அதே உள்ளுறுப்புகள், ஆனால் மைக்கின் உடலிலேயே மூன்று நிலை ஸ்விட்ச் என்றால் டெலிஃபுங்கன் இஎல்ஏ எம் 251 இ, செய்துகொடுத்தது ஏகேஜிதான். ஏசி701, 4 வோல்ட் ஹீட்டர், 120 வோல்ட்: நாய்மனின் எம்49 அல்லது மெல்லிய கேஎம்53, 54, 56 வரிசை, ஷோப்ஸ் நிறுவனமும் இதே வால்வைப் பயன்படுத்தியது. இசி92 வால்வும் எம்7 கேப்சூலும் சேர்ந்து வந்தால் கிழக்கு ஜெர்மனியின் கெஃபெல் ஊர்த் தயாரிப்பு: யூஎம்57, அல்லது தலை கழற்றி மாற்றும் பாட்டில் வடிவ சிஎம்வி563. போரின்போது நாய்மன் தொழிற்சாலை பெர்லினிலிருந்து அங்கே போனது. அதனால் பழைய கெஃபெல் மைக்குகளிலும் நாய்மன் பெயர் இருக்கும். 6ஏயூ6 என்றால் சோனி சி37ஏ, ஆல்டெக்கின் ஒல்லியான பாட்டில் மைக், அல்லது முதுகில் குளிர்விப்பான் துருத்தி நிற்கும் சோனி சி800ஜி.

டெலிஃபுங்கன் பெயர்ப்பட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நாய்மன் செய்த யூ47 இலும் இருக்கும், ஏகேஜி செய்த 251 இலும் இருக்கும், இந்த நூற்றாண்டில் அதே பெயரில் இயங்கும் அமெரிக்க நிறுவனத்தின் மைக்குகளிலும் இருக்கும். பட்டை மட்டும் எதையும் நிரூபிக்காது.

நேர்மையாகச் சொன்னால், பெயர் தெரியாமல் கைக்கு வரும் மைக்குகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் வராது. 7 பின் எக்ஸ்எல்ஆர், 12ஏஎக்ஸ்7 அல்லது 12ஏடி7, 32 முதல் 34 மில்லிமீட்டர் கேப்சூல், சப்ளையில் ஒன்பது நிலைக் குமிழ்: இது 1990களுக்குப் பிறகு வந்த சீனத் தயாரிப்புக் குடும்பம். ஒரே ஆலையின் மைக் பல பெயர்களில் விற்கப்பட்டது. ஏபெக்ஸ் 460, நேடி டிசிஎம்1050 இரண்டும் உள்ளே ஒரே மைக்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இவற்றின் மின்சுற்று எளிமையானது, பாகங்கள் கிடைக்கும், கேப்சூலையும் ட்ரான்ஸ்ஃபார்மரையும் மாற்றி நல்ல மைக்காக வளர்த்தவர்கள் நிறையப் பேர். புதிதாகக் கற்பவருக்கு யூ47 ஐவிட இதுவே நல்ல துணை என்பேன்.

விலை உயர்ந்த மைக் என்று தோன்றினால் சந்தேகத்தையும் கூட்டுங்கள். அசல் உடலுக்குள் வேறு சுற்று, அசல் சுற்றுக்கு மேல் நகல் கேப்சூல் என்பதெல்லாம் சாதாரணம். தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா, திருகாணித் தலைகள் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனம் இன்றும் இயங்குகிறது என்றால் வரிசை எண்ணையும் உட்புறப் படங்களையும் அனுப்பிக் கேட்கலாம்.

முதல் முறை மின்சாரம்

கூடவே வந்த சப்ளை இதற்கே உரியது என்று நம்பாமல், மைக்கை மாட்டாமல் தனியாகச் சோதியுங்கள். முதலில் 110, 220 தேர்வு ஸ்விட்ச் உங்கள் மின்வசதிக்குச் சரியாக இருக்கிறதா, ஃபியூஸ் அளவு சரியா, பூமி இணைப்பு உடலோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டு கிடந்த சப்ளையின் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உப்பியோ கசிந்தோ இருந்தால் மாற்றாமல் மேலே போக வேண்டாம். உயர் வோல்ட்டில் பழக்கம் இல்லையென்றால், இந்தக் கட்டத்தை வால்வு ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இதற்குள் நீங்கள் போட்ட வரைபடம் அவருடைய வேலையில் பாதியை முடித்திருக்கும்.

சுமை இல்லாமல் அளந்தால் சாதாரண சப்ளை கூடுதலாகத்தான் காட்டும். எனவே 6.3 வோல்ட் ஹீட்டர் வழிக்கு 22 ஓம், 5 வாட் ரெசிஸ்டரையும், உயர் வோல்ட் வழிக்கு 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டரையும் சுமையாக மாட்டி அளக்கவும். ஏசி701 வகைக்கு ஹீட்டர் சுமை 40 ஓம் பக்கம். அளவுகளும் பின்களும் உங்கள் வரைபடத்தோடு பொருந்தினால் சப்ளையை அணைத்து, கெப்பாசிட்டர்களில் தங்கிய மின்னேற்றத்தை இறக்கி, அப்புறம் மைக்கை மாட்டுங்கள்.

உடலை மூடாமல் ஸ்விட்ச் போட வேண்டாம். கை தவறிப் படும். வலை வழியாக வால்வின் மங்கிய சிவப்பு ஒளி தெரிகிறதா பாருங்கள். மூடிய மைக்கில் தெரியாமலும் போகலாம். மிக்ஸரில் ஃபான்டம் பவரையும் ஒலியளவையும் அணைத்து வைத்து 20, 30 நிமிடம் சூடேற விட்டு, மெதுவாக ஒலியை ஏற்றுங்கள். தொடர்ந்த "உஷ்" வால்வின் இரைச்சல். விட்டுவிட்டு வரும் பொரியல் ஓசை பெரும்பாலும் ஈரம் அல்லது கிரிட் பகுதி அழுக்கு. சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்தால் குறைகிறதா என்று பாருங்கள். கனத்த ரீங்காரம் சப்ளையின் வடிகட்டியைக் காட்டும். அப்புறம் முன்பக்கமும் பின்பக்கமும் பேசி, ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒலி மாறுகிறதா என்று சரிபாருங்கள். பின்பக்க ஒலி எந்த நிலையிலும் மேலே வராவிட்டால், பின் டயாஃப்ரத்துக்குப் போகும் வோல்ட் வழி அறுந்திருக்கலாம், அல்லது அந்த டயாஃப்ரமே செத்திருக்கலாம்.

கடைசியாக, கண்டுபிடித்த பின் வரைபடத்தையும் வோல்ட்களையும் ஒரு சீட்டில் எழுதி, ஒன்றை சப்ளையின் அடியிலும் ஒன்றை மைக் பெட்டிக்குள்ளும் ஒட்டிவிடுங்கள். அந்த மைக்குக்கும் அந்த சப்ளைக்கும் ஒரே நிறத்தில் டேப் சுற்றிவையுங்கள்.